ஒளிப்பதிவாளர் யார், கேமரா ஆபரேட்டர் யார்? வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முழுமையான வழிகாட்டி

குடியாத்தம், ஆம்பூர், காட்பாடி, ஆற்காடு என்று எந்த ஊர் பஜாரில் நடந்தாலும் ஒரு வீடியோ ஸ்டுடியோ போர்டு கண்ணில் படும். முகூர்த்த நாளில் மிரர்லெஸ் கேமராவும் அதை ஆடாமல் பிடிக்கும் கிம்பலும் தூக்கிக்கொண்டு விடிவதற்கு முன்பே மண்டபத்தில் நிற்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மனசுக்குள் சினிமா ஆசை இருக்கிறது. கையில் வேலையும் இருக்கிறது. ஆனால் கல்யாணத்தில் லைட், ஃப்ரேம், ஃபோகஸ் மூன்றும் ஒரே ஆள் தலையில் விழுகின்றன. சினிமாவில் அவை தனித்தனி ஆட்களின் பொறுப்பு. எந்த முடிவு யாருடையது என்று தெரியாமல் யூனிட்டுக்குள் நுழைகிறவர் நல்ல திறமை இருந்தும் திணறிப்போகிறார்.

இதைக் கற்றுக்கொள்ள சென்னைக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊரிலேயே ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து, வேலையைப் பிரித்துச் செய்து பாருங்கள். ஒருவர் ஒளிப்பதிவாளர், ஒருவர் ஆபரேட்டர், ஒருவர் ஆக்டர் நகர நகர ஃபோகஸைத் திருப்பிக்கொண்டே இருக்கும் ஃபோகஸ் புல்லர். எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: யாருக்கு எந்த வேலை

படத்தின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இயக்குநரிடம் பதில் சொல்ல வேண்டியவர் ஒளிப்பதிவாளர். எந்த நேரத்தில் எடுப்பது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும், எந்த லென்ஸ், எவ்வளவு எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவு), என்ன நிறம் என்று எல்லாம் அவர் முடிவு. கேமரா டிபார்ட்மென்ட், லைட்மேன்கள், கேமராவை ஏற்றி நகர்த்த உதவும் கிரிப் ஆட்கள் மூன்று தரப்பும் அவர் சொல்படி நடக்கும்.

ஆபரேட்டர், டேக் ஓடும் அந்த நேரத்துக்குச் சொந்தக்காரர். பேன் (கேமராவைப் பக்கவாட்டில் திருப்புவது), டில்ட் (மேலும் கீழும் சாய்ப்பது), தலைக்கு மேல் விடும் இடம், ஆக்டர் நகரும்போது கூடவே நகர்வது எல்லாம் அவர் கையில். ஓரத்தில் மைக் எட்டிப் பார்த்தாலும், பின்னால் ஸ்டாண்டின் நிழல் விழுந்தாலும் அவர் கண்ணில்தான் முதலில் பட வேண்டும். டேக் முடிந்ததும் இயக்குநர் திரும்பிப் பார்க்கும்போது ‘ஓகே’ என்றோ ‘இன்னொன்னு போலாம் சார்’ என்றோ மறைக்காமல் சொல்வதும் அவர் கடமை.

ஹாலிவுட்டிலும் பிரிட்டனிலும் இவை நெடுங்காலமாகத் தனித்தனிப் பதவிகள். நம்மூர் வழக்கம் கொஞ்சம் வேறு. தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் ஒளிப்பதிவாளரே முதல் கேமராவை ஆபரேட் செய்வார். சண்டை, பாட்டு, கூட்டம் என்று இரண்டு மூன்று கேமரா வைக்கும்போது அசோசியேட்டுகள் மற்ற கேமராக்களைப் பிடிப்பார்கள். நீண்ட கையில் கேமராவைத் தூக்கும் ஜிம்மி ஜிப், நடந்தாலும் ஆடாமல் பிடிக்கும் ஸ்டெடிகேம் போன்றவற்றுக்குத் தனி ஆபரேட்டர்கள் உண்டு. காரெட் பிரவுன் என்ற அமெரிக்கர் 1970களின் நடுவில் கண்டுபிடித்த ஸ்டெடிகேமை உடம்பில் மாட்டி ஓட தனிப் பயிற்சி வேண்டும். கிம்பல் பழக்கம் அதில் கொஞ்ச தூரம் உதவும், முழுக்க உதவாது.

ஒரே ஆள் இரண்டையும் செய்தாலும் வேலை இரண்டுதான். அதனால்தான் பயிற்சியின்போது பிரித்துச் செய்யச் சொல்கிறேன். ஆபரேட் செய்துகொண்டே லைட்டைப் பற்றிக் கவலைப்படுகிற கண், இரண்டு வேலையில் ஒன்றைக் கட்டாயம் கோட்டை விடும்.

இவர்களைச் சுற்றி இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். ஃபோகஸ் புல்லர், கேமரா அசிஸ்டென்ட்டுகள், வாடகைக் கேமராவோடு கூடவே வரும் யூனிட் ஆட்கள், லைட்மேன்கள், அவர்களுக்குத் தலைவரான கேஃபர், ட்ராக் ட்ராலி போடுகிறவர்கள், கார்டை வாங்கி டேட்டா எடுத்து வைப்பவர். யாரையும் ‘ஏய்’ என்று கூப்பிடாதீர்கள். இருபது வருடம் லைட் தூக்கிய ஒரு அண்ணனுக்குத் தெரிந்த வெளிச்சம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இரண்டாம் படி: காட்சியைப் படிப்பது

உதாரணத்துக்கு ஒரு காட்சி. குடியாத்தத்தில் ஓர் ஓட்டு வீடு. திண்ணையில் அம்மா மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருக்கிறார். மகன் தெருவிலிருந்து வருகிறான். படிப்பை நிறுத்திவிட்டதைச் சொல்ல வந்திருக்கிறான். பக்கத்தில் உட்கார்கிறான், வாய் வரவில்லை, எழுந்து வீட்டுக்குள் போய்விடுகிறான். வசனம் நாலு வரிக்கு மேல் இல்லை.

இதைப் படித்தவுடன் ஆபரேட்டர் கேட்க வேண்டியது: அவன் எழுந்து போகும்போது நாம் அவனோடு போகிறோமா, அம்மாவோடு தங்குகிறோமா? ஒளிப்பதிவாளர் கேட்க வேண்டியது: வீட்டுக்குள் எவ்வளவு இருட்டு? உள்ளே போனவன் உருவமாவது தெரிய வேண்டுமா, கறுப்பில் கரைய வேண்டுமா? இரண்டுக்கும் விடையை இயக்குநரோடு உட்கார்ந்து பேசி ஒரு தாளில் எழுதுங்கள். ‘சினிமாட்டிக்கா இருக்கணும்’ என்று எழுதாதீர்கள். அதை வைத்து ஒரு லைட்டைக்கூட எங்கே வைப்பதென்று முடிவு செய்ய முடியாது.

மூன்றாம் படி: இடம் பார்ப்பது, வெயில் பார்ப்பது

வேலூர்ப் பக்கம் படம் எடுக்கிறவருக்கு முதல் லைட் நம்ம வெயில்தான். காசு கொடுக்காமல் கிடைக்கும் அதைச் சரியாகப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

நம் ஊர் ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் கடைசி வாரம் ஒரு முறை, ஆகஸ்ட் மூன்றாம் வாரம் ஒரு முறை, நண்பகலில் சூரியன் நெட்டுக்குத்தலாக உச்சந்தலைக்கு மேல் வந்து நிற்கும். சித்திரை பத்து வாக்கிலும் ஆவணி பிறக்கும்போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் பன்னிரண்டு மணிக்கு முகத்தை எடுத்தால் கண் இருக்கும் இடம் குழி விழுந்து கறுத்துவிடும், மூக்கு நிழல் உதட்டில் விழும். இந்த இரண்டுக்கும் நடுவே, கத்திரி வெயில் உட்பட, நண்பகல் சூரியன் நமக்குக் கொஞ்சம் வடக்கே நிற்கிறது. வடக்கு பார்த்த சுவரில் மே, ஜூன் மாதங்களில் மத்தியானத்திலும் வெயில் அடிப்பது இதனால்தான். மார்கழியில் நேர்மாறு. நண்பகலிலும் சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 54 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். முகத்துக்குச் சாய்வான வெளிச்சம் நாள் முழுக்கக் கிடைக்கும். வெளிப்புறப் படப்பிடிப்பை மார்கழி, தை மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்வேன்.

இதை வைத்து நம் திண்ணையைத் தேடலாம். வடக்கு பார்த்த திண்ணையில் செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் மூன்றாம் வாரம் வரை நேர் வெயில் விழாது. தெருவின் எதிர்வீட்டுச் சுவர் தெற்கு பார்த்து வெயில் வாங்கி, அந்த வெளிச்சத்தைத் திண்ணைக்குள் அனுப்பிக்கொண்டே இருக்கும். பெரிய மென்மையான லைட் ஒன்று சும்மா கிடைத்த மாதிரி. ஆனால் எதிர்ச்சுவர் என்ன நிறம் என்று பாருங்கள். நம் ஊர்களில் கிளிப்பச்சையும் ரோஸும் அடித்த சுவர்கள் நிறைய. பச்சைச் சுவர் எதிரே இருந்தால் அம்மாவின் கன்னத்தில் பச்சை ஏறும், கண்ணுக்கு உடனே தெரியாது, மானிட்டரில் தெரியும். அந்த வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு சுவரில் இரண்டு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டால் சரியாகிவிடும்.

பாலாற்று மணலில் எடுத்தால் விஷயம் வேறு. தண்ணீர் இல்லாத ஆறு முழுக்க வெளிறிய மணல், கீழேயிருந்து மேலாக வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். நின்றுகொண்டிருப்பவர் முகத்தில் தாடைக்குக் கீழே நிழலே இல்லாமல் போகும். அழகு வேண்டிய காட்சிக்கு நல்லது. முகத்தில் கடுமை வேண்டுமென்றால் காலடியில் கறுப்புத் துணி விரித்து அந்த எதிரொளியை அடக்க வேண்டும்.

வேலூர் நகருக்குக் கிழக்கே மலைகள் நிற்கின்றன. செல்போன் செயலி காட்டும் சூரிய உதய நேரத்துக்குக் கோட்டைப் பக்கம் வெயில் வந்துவிடாது. மலையைத் தாண்டி ஏறிய பிறகுதான் வரும். அந்த இடைவெளியில் நிழலும் இல்லாமல் இருட்டும் இல்லாமல் ஒரு வெளிச்சம் கிடைக்கும். எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது. ஒரு நாள் முன்னதாகவே போய் நின்று, எத்தனை மணிக்கு மதிலின் எந்தக் கல்லில் வெயில் தொடுகிறது என்று குறித்து வாருங்கள்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் படப்பிடிப்புக்கு அவர்கள் அனுமதி வேண்டும். காட்பாடி ஜங்ஷனுக்கு ரயில்வே, ஜவ்வாது மலை, அமிர்தி காட்டுப் பகுதிக்கு வனத்துறை. ட்ரோன் விடுவதென்றால் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் அந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று முதலில் பாருங்கள். அப்துல்லாபுரத்தில் விமான நிலையம் இருப்பதை மறக்க வேண்டாம்.

நான்காம் படி: லைட் போடுவது

1956இல் வெளிவந்த சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ படத்துக்குக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் செட்டாகப் போட்டார்கள். மேலே திறந்த முற்றத்தில் வானத்திலிருந்து இறங்கும் நிழலற்ற வெளிச்சம் வேண்டும். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, கீழேயிருந்து லைட்டை அதில் அடித்துத் திருப்பினார். இன்று நம் செட்டுகளில் தெர்மோகோல் பலகையில் லைட்டைத் திருப்பி அடிக்கிறோமே, அதே வழிதான். கையில் லைட் குறைவாக இருக்கிறவர்கள் கற்க வேண்டிய முதல் பாடம் இது.

நம் திண்ணைக் காட்சிக்கு என்ன வேண்டும்? தெருப்பக்கத்து வெளிச்சம் ஏற்கெனவே இருக்கிறது. ஒளிப்பதிவாளர் செய்ய வேண்டிய பெரிய வேலை வெளிச்சத்தைக் குறைப்பது. அம்மாவுக்கு இரு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் விழுந்தால் முகம் தட்டையாகிவிடும். வீட்டுப் பக்கம் ஒரு கறுப்புத் துணியைக் கட்டினால் அந்தக் கன்னம் இறங்கும், முகம் எழும். கதவுக்குப் பின்னால் உள்ளறையில் ஒரே ஒரு குண்டு பல்பு எரியவிடுங்கள். மகன் உள்ளே போகும்போது அதைக் கடந்து போவான், ஒரு நொடி அவன் தோள் மட்டும் மஞ்சளாகத் தெரிந்து மறையும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்: பகல் வெளிச்சம் சுமார் 5600 கெல்வின், மஞ்சள் விளக்கு 3200 அல்லது அதற்கும் கீழே. எந்த வெளிச்சத்தை வெள்ளையாகக் காட்டுவது என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸை 5600இல் பூட்டிவிட்டால் உள்ளறை தானாக மஞ்சளாகும். ஆட்டோவில் விட்டால் கேமரா நடு ஷாட்டில் நிறத்தை மாற்றிவிடும். கல்யாணத்தில் ஆட்டோ காப்பாற்றும், இங்கே கெடுக்கும்.

கரண்ட் எடுக்கும்போது கணக்குப் பார்த்து எடுங்கள். 1000 வாட் டங்ஸ்டன் லைட் 230 வோல்ட்டில் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டுச் சின்ன ப்ளக்கின் அளவு 6 ஆம்பியர். ஒரு ப்ளக்கில் இரண்டு மாட்டினால் ஒயர் சூடேறும், ஓட்டு வீட்டுப் பழைய ஒயரிங் அதைத் தாங்காது. எல்இடி லைட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகம் வேண்டுமென்றால் ஜெனரேட்டர். போஸ்ட்டில் கொக்கி போட்டுக் கரண்ட் எடுப்பது உயிரோடு விளையாடுகிற வேலை, யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

ஐந்தாம் படி: எண்கள்

சினிமாவுக்கு நொடிக்கு 24 ஃப்ரேம். நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப் லைட் நொடிக்கு நூறு முறை கூடிக் குறைகிறது. ஷட்டரை 1/50இல் வைத்தால் அந்தத் துடிப்பு படத்தில் தெரியாது. டிகிரி கணக்கில் கேட்கும் கேமராவில் 24 ஃப்ரேமுக்கு 172.8 என்று போடுங்கள். மட்டமான சில எல்இடி பல்புகள் இதற்கும் அடங்காது. போன் கேமராவில் சோதித்தாலும் முடிவை உங்கள் கேமரா மானிட்டரில் பார்த்த பிறகே எடுங்கள்.

அடுத்து, நிறம் மாறாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் என்டி ஃபில்டர். முழு வெயிலில் ஐஎஸ்ஓ (கேமராவின் வெளிச்ச உணர்திறன்) 100, ஷட்டர் 1/100, அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 16 வைத்தால் சரியான எக்ஸ்போஷர் வரும் என்பது பழைய கணக்கு. உங்கள் கேமரா ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/50 என்றால் இதைவிட 4 ஸ்டாப் அதிகம் (ஒரு ஸ்டாப் ஏறினால் வெளிச்சம் இரண்டு மடங்கு). முகத்தைப் பின்னணியிலிருந்து பிரிக்க எஃப் 4இல் எடுக்க நினைத்தால் இன்னும் 4 ஸ்டாப். மொத்தம் 8 ஸ்டாப்பைக் குறைக்க வேண்டும். ஒரு ஸ்டாப்புக்கு 0.3 என்பதால் என்டி 2.4 வேண்டும். இந்தக் கணக்கை மனசுக்குள் போடத் தெரிந்த அசிஸ்டென்டை எந்த ஒளிப்பதிவாளரும் விடமாட்டார். ஷட்டர் வேகத்தை ஏற்றி வெளிச்சத்தைக் குறைக்கிற கல்யாண வழக்கத்தை விட்டுவிடுங்கள், அசைவு வெடுக் வெடுக்கென்று வெட்டும்.

ஆறாம் படி: ஷாட் எடுப்பது

இப்போது முழுக்க ஆபரேட்டரின் நேரம். ஒளிப்பதிவாளர் கேமராவை விட்டு மானிட்டருக்குப் போய்விட வேண்டும். ஆரம்பத்தில் கை பரபரக்கும், போய்த்தான் ஆக வேண்டும்.

ஆக்டர்கள் இருவரையும் வைத்து லைட் முடிந்த பிறகு ஒத்திகை பாருங்கள். மகன் உட்காரும் இடம், எழுந்து நிற்கும் இடம், கதவருகே திரும்பும் இடம் மூன்றிலும் தரையில் டேப் ஒட்டி மார்க் போடுங்கள். ஃபோகஸ் புல்லர் டேப் வைத்து ஒவ்வொரு மார்க்குக்கும் தூரம் அளந்து எழுதிக்கொள்வார். சூப்பர் 35 என்ற சினிமா அளவு சென்சாரில் 85 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 2இல் வைத்து ஏழடி தூரத்தில் முகத்தை எடுத்தால் ஃபோகஸில் இருக்கும் ஆழம் இரண்டு, இரண்டரை அங்குலம்தான். கண் ஷார்ப்பாக இருக்கும், காது மங்கிவிடும். அம்மா பீடியைச் சுற்றி முனையை மடித்து நூல் கட்டும்போது குனிகிறார் என்றால் அந்தக் குனிவுக்கே ஃபோகஸ் போய்விடும். முகம் முக்கியமா, விரல் முக்கியமா என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். நானாக இருந்தால் எஃப் 4க்குப் போய் ஃபோகஸ் புல்லருக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுப்பேன். பின்னணி கரைவதை மட்டும் பார்த்து லென்ஸைத் திறந்து வைப்பது இன்று பெரிய நோயாகிவிட்டது. குடியாத்தத்துத் தெருவைத் தேடிப் போய்விட்டு அதை முழுக்க மங்கலாக்கி என்ன பயன்?

மகன் எழும் இடத்தில் டில்ட். இந்த ஒரு அசைவில் ஆபரேட்டரின் தரம் தெரிந்துவிடும். ஒத்திகையில் ஒளிப்பதிவாளருக்கும் ஆபரேட்டருக்கும் இப்படித்தான் பேச்சு ஓடும்:

“இன்னா தம்பி, டில்ட் முன்னாடியே போயிடுச்சே?”

“அவரு எழுந்துப்பாருன்னு தெரியும்ணா, அதான் கூடவே போயிட்டேன்.”

“உனக்குத் தெரியும். படம் பாக்கறவனுக்குத் தெரியக் கூடாது. மொதல்ல அவன் தோளு அசையட்டும், அப்புறம் நீ கிளம்பு.”

“சரிண்ணா. உள்ள போனதும் பேன் பண்ணட்டுமா?”

“வாணாம். அம்மாகிட்டயே நில்லு. அந்தம்மா கை நின்னுச்சின்னா நீயும் நில்லு.”

ஆபரேட்டர் நடிப்பைப் பார்த்துக் கேமராவை நகர்த்த வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கேமரா முந்தினால் பார்வையாளருக்கு நம் கை தெரிந்துவிடும். ரொம்பப் பின்தங்கினால் தலை வெட்டுப்படும். எழுவதற்கு முன் மனிதர்கள் கால்களை உள்ளே இழுப்பார்கள், தோளை முன்னால் சாய்ப்பார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பார்த்து இதைப் பழகலாம், செலவில்லை.

இருவரும் பேசும் குளோஸப்புகளை எடுக்கும்போது அம்மாவையும் மகனையும் இணைக்கும் ஒரு கோட்டை மனசில் போட்டு, கேமராவை அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கம் வையுங்கள். தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதுபோல் எடிட்டிங்கில் நிற்கும். ஒருவர் பார்க்கும் திசையில் ஃப்ரேமில் கூடுதலாக இடம் விடுங்கள்.

டேக்குக்கு நடுவே ஏதாவது தவறாகப் பட்டால் ஆபரேட்டர் கட் சொல்லக் கூடாது. அது இயக்குநரின் உரிமை. முடிந்த பிறகு சொல்லுங்கள், உடனே சொல்லுங்கள்.

ஏழாம் படி: டேட்டாவும் டிஐயும்

கார்டை இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, திறந்து பார்த்து, அதற்குப் பிறகே ஃபார்மட் செய்யுங்கள். எடுத்த படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சீராக்கும் டிஐ அறையில் கலரிஸ்ட்டோடு உட்கார வேண்டியது ஒளிப்பதிவாளர். உள்ளறையின் இருட்டை ஏன் அப்படி வைத்தோம் என்று அவருக்குத்தான் தெரியும். யாரும் உட்காரவில்லை என்றால் ‘ஒன்றுமே தெரியலையே’ என்று யாரோ வெளிச்சத்தை ஏற்றிவிடுவார்கள், மூன்று பேர் ஒரு நாள் பட்ட பாடு போய்விடும்.

எட்டாம் படி: சென்னைக்குப் போவது

காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல் சுமார் 130 கிலோமீட்டர். வழிகள் மூன்று.

படிப்பு ஒன்று. தரமணியில் அரசு நடத்தும் எம்ஜிஆர் திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவுக்குத் தனிப் பட்டப்படிப்பு இருக்கிறது. ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராம் அங்கே படித்தவர். புனேவில் 1960இல் தொடங்கிய இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தில் படித்துவிட்டு வந்தவர் பாலு மகேந்திரா. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் தனியார் கல்லூரி விளம்பரங்களைப் பார்த்துக் கடன் வாங்குவதற்கு முன் அரசுக் கல்லூரிக்கு முதலில் விண்ணப்பியுங்கள்.

இன்னொன்று உதவியாளராகச் சேர்வது. பி.சி.ஸ்ரீராமிடம் உதவியாளர்களாக இருந்த ஜீவா, கே.வி.ஆனந்த் இருவரும் பின்னால் பெரிய ஒளிப்பதிவாளர்களாகி, இயக்குநர்களாகவும் ஆனார்கள். ஆனந்த் அதற்கு முன் பத்திரிகைப் புகைப்படக்காரர். கல்யாண வீடியோவிலிருந்து வருவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பெண்களுக்கும் இது சரியான இடம்தான். பி.ஆர்.விஜயலட்சுமி 1985இலேயே தமிழில் ஒளிப்பதிவாளராக வந்துவிட்டார்.

மூன்றாவதை யாரும் சொல்வதில்லை. கேமரா வாடகை நிறுவனத்தில் யூனிட் ஆளாகச் சேர்வது. பெட்டி தூக்கத்தான் வைப்பார்கள். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் வேறு வேறு ஒளிப்பதிவாளர், வேறு வேறு ஆபரேட்டர், எல்லோர் வேலையையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். எல்லா லென்ஸும் கை வழியாகப் போகும். எந்த வழியில் போனாலும் பெரிய படங்களில் தொடர்ந்து வேலை செய்ய, திரைப்படத் தொழிலாளர்களின் பெப்சி சம்மேளனத்தில் இருக்கும் உங்கள் பிரிவுச் சங்கத்தின் உறுப்பினர் விதிகளை நேரில் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இடைத்தரகரிடம் பணம் கொடுத்து அட்டை வாங்கப் போகாதீர்கள்.

வாய்ப்புக் கேட்டுப் போகும்போது இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாத ரீல் ஒன்று கையில் இருக்கட்டும். கல்யாணக் காட்சிகளைத் தனியாக வையுங்கள், குறும்படக் காட்சிகளைத் தனியாக வையுங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்குக் கீழும் நீங்கள் செய்தது ஒளிப்பதிவா, ஆபரேட்டிங்கா, ஃபோகஸா என்று எழுதுங்கள். நண்பன் போட்ட லைட்டில் நீங்கள் ஆபரேட் செய்திருந்தால் ‘ஆபரேட்டர்’ என்று மட்டும் போட்டு, லைட் போட்டவன் பெயரையும் சேர்த்துவிடுங்கள். பார்க்கிறவர் கேட்கும் முதல் கேள்வியே ‘இதுல உன் வேலை எதுப்பா?’ என்பதாகத்தான் இருக்கும்.